வீடும் அயலும்



‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்பது எம் முன்னோர் வாக்கு. இரண்டிலும் பணம் தண்ணீராய்க் கரையும் என்பதோடு, இரண்டும் ஒருமுறை செய்தபின் எளிதில் மாற்றிக்கொள்ள இயலாதவை என்பதும் அவ்வாக்கில் அடங்கியுள்ளது. புலம்பெயர்ந்த நாட்டில் நாம் பெரும்பாலும் வீட்டைக் கட்டுவதில்லை; எவரோ கட்டி, எவரோ வாழ்ந்த வீட்டை வாங்குகிறோம். எனினும் அம்மூதுரையின் பொருள் இங்கும் குறையவில்லை.

சனிக்கிழமைகளில் எமது பாடசாலை வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோரின் உரையாடலைச் செவிமடுத்தால், பரீட்சைக்கு அடுத்தபடியாக அவர்கள் பேசுவது வீட்டைப் பற்றியே எனலாம். “ஸ்காபரோவில் விலை எட்டாது, ஏஜக்ஸ், விற்பி, ஒஷாவாப் பக்கம் பார்க்கலாமோ? அங்கே எங்கட ஆக்கள் இருக்கினமோ? பிள்ளையளின்ர தமிழ் என்ன ஆகும்?” இக்கேள்விகளோடு நாமும் ஈராண்டுகள் அலைந்து, 2025ஆம் ஆண்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஊரில் கணித ஆசிரியராக இருந்த பழக்கத்தால், எதையும் தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது எமது இயல்பு. அவ்வாறு எழுதிப் பார்த்தவற்றைப் பிறருக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இம்மலரில் பகிர்ந்துகொள்கிறோம்.

பிறப்போடு வந்த அயல்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தம் அயலைத் தெரிவு செய்வதில்லை. அது பிறப்போடு வருவது. வடக்கு வேலிக்கு அப்பால் பெரியப்பா, தெற்கு வேலிக்கு அப்பால் மாமி, ஒழுங்கை முடிவில் அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரி என வளவுகள் அமைந்திருந்தன. இது தற்செயலாய் நிகழ்ந்ததன்று. சட்டமும் அவ்வாறே இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டு, எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, காணியை விற்க விரும்புபவர் முதலில் தம் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றபின்னரே பிறருக்கு விற்கலாம். 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமும் இம்முன்னுரிமையைப் பேணியது. காணி வாங்குபவர் கிணற்று நீர் நன்னீரா உவர்நீரா என்று பார்த்தார். உறுதி சுத்தமானதா என்று நொத்தாரிசிடம் கேட்டார். அயலார் எத்தகையோர் என்று விசாரிக்க வேண்டிய தேவை அவருக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை. அவர்கள் யார் என்பது, வேலிச் சண்டைகள் உட்பட, மூன்று தலைமுறையாகத் தெரிந்த செய்தி.

அந்த அயலை நாம் இழந்தது 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில். வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எமக்கு வயது பத்து. அம்மா எடுத்து வந்தவற்றுள் ஒன்று தகரப் பெட்டி. அதனுள் காணி உறுதி இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தபோதும், பின்னர் வன்னியில் பாடசாலைக்குப் பாடசாலை மாறிக் கற்பித்த காலத்திலும், அப்பெட்டி எம்மோடு வந்தது. 1990 தொடக்கம் 2009 வரை பதினான்கு கூரைகளின் கீழ் வாழ்ந்தோம். அவற்றுள் ஒன்றும் எமதன்று. 2015ஆம் ஆண்டின் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட காணிகளுள் எமது வளவும் அடங்கியது. உறவினர் அனுப்பிய படத்தில் கிணறும் அத்திவாரத்தின் ஒரு மூலையும் மட்டும் தெரிந்தன.

இவற்றை இங்கு குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய வாழ்வைக் கடந்து வந்தவர்கள் வீடு வாங்கும்போது, வீட்டை மட்டும் பார்ப்பதில்லை. இனி எவரும் எழுப்ப முடியாத ஓரிடத்தைத் தேடுகிறார்கள். அந்த ஆவலே சிலவேளை கண்ணை மறைக்கிறது. ஆதலால் ஆவலைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

தாளில் எழுதிய கணக்கு

எமது கணக்கில் வீட்டின் விலையை 650,000 டொலர் என வைத்துக்கொண்டோம். நூற்றுக்கு 20 வீதம், அதாவது 130,000 டொலரை முற்பணமாகச் செலுத்தினால், கடனுக்குக் காப்புறுதி எடுக்க வேண்டியதில்லை. அதற்குக் குறைவாகவும் செலுத்தலாம். ஆனால் அப்போது காப்புறுதிக் கட்டணம் கடனோடு சேரும். முதன்முறையாக வீடு வாங்குவோர் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ‘முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு’ ஒன்றைத் தொடங்கி, ஆண்டுக்கு 8,000 டொலர் வீதம், மொத்தம் 40,000 டொலர்வரை வரிச்சலுகையோடு சேமிக்க இடமுண்டு. கணவனும் மனைவியும் தனித்தனியே தொடங்கலாம். சீட்டுக் கட்டுவதில் தேர்ந்த எம்மவருள் பலர் இதனை அறியாதிருப்பது வியப்பே.

அடுத்தது காணி கைமாறும் வரி. 650,000 டொலர் வீட்டுக்கு மாகாணம் அறவிடுவது 9,475 டொலர். முதல் வீடாயின் அதில் 4,000 கழிக்கப்பட்டு 5,475 ஆகும். ரொறன்ரோ நகர எல்லைக்குள் வாங்கினால் நகரமும் அதே வரியை அறவிடும். அதில் 4,475 கழிந்தாலும் மேலும் 5,000 டொலர் கட்டவேண்டும். ஸ்காபரோவைத் தாண்டிப் பிக்கறிங் எல்லைக்குள் காலடி வைத்ததும் இவ்விரண்டாவது வரி இல்லை. எனினும் மகிழ்ச்சியடையுமுன் ஒன்றைக் கவனிக்க: ஆண்டுதோறும் கட்டும் வீட்டுவரியின் வீதம் ரொறன்ரோவிலேயே குறைவு. ஒருமுறை மிச்சம் பிடிப்பதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

மூன்றாவது வட்டி. 520,000 டொலர் கடனை 25 ஆண்டுகளில் அடைப்பதாயின், 2 வீத வட்டியில் மாதம் ஏறத்தாழ 2,200 டொலர். 5 வீத வட்டியில் ஏறத்தாழ 3,020 டொலர். கனடிய மத்திய வங்கியின் வட்டி வீதம் 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கம்வரை 0.25 ஆக இருந்து, 2023ஆம் ஆண்டு யூலையில் 5 ஆக உயர்ந்ததை நாம் கண்டோம். மாறும் வட்டியில் கடன் பெற்ற எம்மவர் சிலர், மாதந்தோறும் கூடிய அந்த எண்ணூறு டொலரைத் தேட இரண்டாவது வேலைக்குச் சென்றதையும் கண்டோம். பெரும்பாலான கடன்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், இன்றைய வட்டி இருபத்தைந்து ஆண்டும் நிலைக்கும் என எண்ணுவதற்கில்லை. கடன் கேட்பவர், பெறும் வட்டியைவிட 2 வீதம் கூடிய வட்டியிலும் கட்ட வல்லவரா என்று வங்கிகள் சோதிப்பது இதன் பொருட்டே. அச்சோதனையை வங்கி ஒருமுறை செய்கிறது. நாமோ எமது சமையலறை மேசையில் பலமுறை செய்து பார்த்தோம்.

வங்கி எமக்குத் தர முன்வந்த தொகை நாம் எண்ணியதைவிடப் பெரிது. நண்பர்களோ, “பேஸ்மென்ரை வாடகைக்கு விட்டால் அரைவாசிக் கடன் கட்டுப்படும், பெரிய வீடாகவே பாருங்கோ” என்றனர். அவ்வாறு செய்து நன்கு வாழ்வோர் உளர். எனினும் எல்லா நிலக்கீழ்த் தளங்களும் வாடகைக்கு விடத் தக்கனவல்ல. வெளியேறும் வழி, சன்னல், தீத்தடுப்புச் சுவர் முதலியவை விதிப்படி அமைந்து, நகரசபையின் அனுமதியும் பெறவேண்டும். வாடகைக்கு இருப்பவர் மூன்று மாதம் இல்லாதுபோனால் எமது நிலை என்ன என்ற வினாவுக்கு விடை கிடைக்காமையால், அவ்வருவாயை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்காவது கணக்கைப் பலர் போடுவதில்லை. அது நேரக் கணக்கு. எமது வேலைத்தலமும் துணைவியாரின் வேலைத்தலமும் ஸ்காபரோவில் உள்ளன. இன்னும் கிழக்கே சென்றால் 50,000 டொலர் குறைவாக ஒரு வீடு கிடைத்தது. ஆனால் நாளொன்றுக்குப் போக நாற்பது, வர நாற்பது நிமிடம் கூடுதலாகும். கிழமைக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு 48 கிழமை எனக் கணக்கிட்டால் 320 மணி நேரம். பதின்மூன்று முழுப் பகலும் இரவும், அதற்கு மேலும் எட்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் கழியும். போதாக்குறைக்கு இரண்டாவது வாகனமும் அதன் காப்புறுதியும் வேண்டும். விற்பியில் பார்த்த வீட்டுக்குக் கூடும் நேரம் இருபத்தைந்து நிமிடம்; ஆண்டுக்கு 200 மணி. அதுவும் சிறிதன்று. எனினும் மாலையில் மகனோடு அமர்ந்து வாசிக்க அதில் இடம் இருந்தது.

நான்கு முறை நடந்தோம்

கணக்கு முடிந்ததும் அறியாத ஊரின் மீதான அச்சம் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகளாக நாம் வாழ்ந்த ஸ்காபரோ மாடிக் கட்டடத்தில், மின்தூக்கியில் ஏறினால் தமிழ் கேட்கும். கீழ்த்தளத்தில் முதியோர் கூடியிருப்பர். எதிரே கடை, அங்கே முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கிடைக்கும். விற்பியில் நாம் பார்த்த தெருவிலோ, முதல்நாள் ஒரு மனிதரையும் காணவில்லை. கதவுகள் மூடியிருந்தன; புல் ஒரே அளவாக வெட்டப்பட்டிருந்தது.

இவ்விடயத்தில் எம்மவர் இருவகையாக அறிவுரை கூறுவர். “எங்கட ஆக்கள் இல்லாத இடம்தான் நல்லது; கதை காவமாட்டினம்” என்பார் ஒருசாரார். “ஆக்கள் இல்லாத காட்டுக்கை போய் என்ன செய்யப் போறியள்?” என்பார் மற்றொரு சாரார். இருசாராரும் அத்தெருவைப் பார்த்தவர்கள் அல்லர். ஆகவே நாமே நடந்து பார்ப்பதெனத் தீர்மானித்தோம். பெண் பார்க்கப் போவதுபோல், அலங்கரித்து வைத்த வேளையில் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது போதாது.

முதல் முறை, பாடசாலை நாளொன்றின் காலை எட்டு மணிக்குச் சென்றோம். மகனின் நடைக்கு ஏற்ப நடந்து, பாடசாலைக்குச் செல்ல ஆகும் நேரத்தையும், கடக்கும் சாலைகளையும் குறித்துக்கொண்டோம். இங்கே பிள்ளை எப்பாடசாலைக்குச் செல்லும் என்பதை முகவரியே தீர்மானிக்கிறது. புதிய குடியிருப்புகளில், அருகிலுள்ள பாடசாலை நிரம்பிவிட்டால், பிள்ளைகளைப் பேருந்தில் தூரத்துப் பாடசாலைக்கு அனுப்புவதும் உண்டு. ஆதலால் வீட்டு வாயிலிலிருந்து தெரியும் பாடசாலை எம் பிள்ளைக்கு உரியதுதானா என்று கல்விச்சபையிடமே கேட்டு உறுதிசெய்தோம்.

இரண்டாம் முறை, மாலை ஆறு மணிக்குச் சென்றோம். காலையில் வெறிச்சோடியிருந்த தெருவில் அப்போது ஆள் நடமாட்டம் இருந்தது. பிள்ளைகள் கூடைப்பந்து எறிந்துகொண்டிருந்தனர். வெவ்வேறு நாட்டவர் நாயோடும் குழந்தை வண்டியோடும் நடந்தனர். பேருந்துத் தரிப்பிடத்துக்கு அம்மாவின் நடையில் ஏழு நிமிடம் ஆயிற்று. நடுவழியில், சிறு பூங்காவில், அமர ஒரு வாங்கு இருந்தது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த வாங்கின் பெறுமதி, இன்னோர் அறையின் பெறுமதிக்குக் குறைந்ததன்று.

மூன்றாம் முறை, பெருமழைக்கு மறுநாள் சென்றோம். அவ்வேளை எம் மனத்தில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, லிண்ட் சிற்றாற்றுக்கு அருகே, பெரியது, அழகியது, விலையும் குறைவு. அதன் நிலக்கீழ்த் தளத்தில் ஈர மணம் வீசியது. சுவரின் கீழ்ப் பகுதி மட்டும் புதிதாய் வர்ணம் பூசப்பட்டிருந்தது. நீர் இறைக்கும் பம்பிகள் இரண்டு இருந்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு பம்பிகள் ஏன் என்று கேட்டோம். தெளிவான விடை வரவில்லை. 1954ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வீசிய ஹேசல் புயலின் வெள்ளத்தில் ஒன்ராறியோவில் 81 பேர் மாண்டனர். ரொறன்ரோவில் ஆற்றோரத் தெரு ஒன்று வீடுகளோடு அடித்துச் செல்லப்பட்டது. அதன்பின்னரே ஆற்றுச் சமவெளிகளில் வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்தும் விதிகள் இறுகின. அவ்விதிகளைப் பேணும் நீர்ப்படுகைப் பாதுகாப்புச் சபைகள் வெள்ள எல்லை வரைபடங்களை வைத்திருக்கின்றன; எவரும் கேட்டுப் பார்க்கலாம். நாம் பார்த்தபோது அவ்வீட்டின் பின்வளவில் அந்தக் கோடு ஓடியது. 2024ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள் ரொறன்ரோ விமான நிலையத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பெய்ததையும் நினைத்துக்கொண்டோம். அழகிய வீட்டை அத்தோடு கைவிட்டோம்.

நான்காம் முறை, பனி கொட்டிய மறுநாட் காலை. சாலை துப்புரவாக்கப்பட்டுள்ளதா, நடைபாதையில் முதியவர் ஒருவர் நடக்கலாமா என்று பார்க்கவே சென்றோம். இரண்டாவது வீட்டுக்கு அடுத்த வீட்டில், வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் தம் வாயிலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அத்தெருவில் முப்பத்தொரு ஆண்டுகளாக வாழ்பவர். நாம் வீடு பார்க்க வந்தவர்கள் என்று அறிந்ததும், கேளாமலே மூன்று செய்திகள் கூறினார். அவ்வீட்டின் கூரை ஓடு மாற்றி எத்தனை ஆண்டு என்பது ஒன்று. மேற்குப் பக்கப் பீலி சரிந்து, மழைநீரை அத்திவாரத்தின் அருகே விடுகிறது என்பது இன்னொன்று. பக்கத்துச் சுவரால் சத்தம் கேட்கும், ஆனால் அங்கிருப்போர் நல்லவர் என்பது மூன்றாவது. பின்னர் நாம் பணம் கொடுத்து அழைத்த வீட்டுப் பரிசோதகரும் முதலிரண்டையும் தம் அறிக்கையில் எழுதினார். விலை ஏறிய காலத்தில், பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வீடு வாங்கியோர் பலர். பரிசோதனைக்கும் கடன் அனுமதிக்கும் உட்பட்டே வாங்குவோம் என்ற நிபந்தனையை நாம் கைவிடவில்லை.

அம்மூதாட்டியிடமிருந்து நாம் அறிந்துகொண்டது பீலியைப் பற்றி மட்டுமன்று. அறியாத ஒருவரோடு நின்று பேசத் தக்க தெரு அது என்பதையும் அறிந்துகொண்டோம்.

வீட்டுச் சபை

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்தோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் முதலில் பேசினாள். “அப்பா, அங்க போனால் எனக்குத் தமிழிலை கதைக்க ஆர் இருக்கினம்? சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தை மட்டும் நிற்பாட்டமாட்டன்” என்றாள். நாம் கற்பிக்கும் பாடசாலையை எம் பிள்ளை விடமாட்டேன் என்று சொல்லக் கேட்டது, அன்றைய கூட்டத்தின் முதல் நற்செய்தி. எட்டு வயது மகன், தன் அறைக்குச் சன்னல் உண்டா என்று மட்டும் கேட்டான். மாடி வீட்டில் அவன் உறங்கியது கூடத்தின் ஒரு மூலையில்.

முதியோர் இல்லத்தில் பணிபுரியும் துணைவியார் நேரே விடயத்துக்கு வந்தார். “மாமி பகல் முழுக்கத் தனிச்சிருப்பா. அதுக்கு முதல் விடை சொல்லுங்கோ, பிறகு வீட்டைப் பாப்பம்” என்றார். பூட்டிய வீட்டுக்குள் பகலெல்லாம் தொலைக்காட்சியோடு இருந்து, பேச்சும் நடையும் குன்றிப்போன முதியோரை அவர் நாள்தோறும் பார்ப்பவர். எனவே அதற்கும் ஒரு தாள் எழுதினோம். கிங்ஸ்ரன் வீதியில் ஒஷாவாவிலிருந்து ஸ்காபரோவரை ஓடும் பேருந்து உண்டு. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 26 முதல், டூரம் பேருந்திலிருந்து ரொறன்ரோப் பேருந்துக்கு மாறும்போது மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. செவ்வாயில் அம்மா பழைய கட்டடத்துக்குச் சென்று தம் தோழியரைக் காணலாம். சனிக்கிழமை நாம் பாடசாலைக்கு வரும்போது கோவிலுக்கும் கடைக்கும் வரலாம். மற்றைய ஐந்து நாள்களுக்கு எம்மிடம் முழுமையான விடை இருக்கவில்லை. அதையும் தாளில் அவ்வாறே எழுதினோம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தனிமை பெரிசில்லைத் தம்பி. அங்கை ஆரும் வந்து, எழும்பு எண்டு சொல்லமாட்டினமோ?” என்று கேட்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் மனத்தில் இருந்த கேள்வி அது. உண்மையையே கூறினோம். கடனை ஒழுங்காகக் கட்டும்வரை எவரும் சொல்ல முடியாது. கட்டத் தவறினால் வங்கி சொல்லும்.

“அப்ப, கட்டக்கூடிய வீடாப் பார் தம்பி” என்றார் அம்மா.

எமது நான்கு தாள்களும் கூற முயன்றதை அவர் ஐந்து சொற்களில் கூறிவிட்டார். ஒருவரது வேலை ஆறு மாதம் நின்றாலும் மற்றவரின் உழைப்பாலும் கையிருப்பாலும் கட்டத்தக்க வீடு எது என்று பார்த்தோம். பேருந்துக்கு ஏழு நிமிட நடையில் இருந்த அந்தச் சிறிய தொடர்வீடே எஞ்சியது. வங்கி தர முன்வந்த தொகையில் ஒரு பெரும் பகுதியைக் கேளாமலே விட்டோம்.

உறுதி எங்கே?

சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து திறப்போடு திரும்பியபோது, அம்மா முதலில் கேட்டது “உறுதி எங்கை?” என்பதே. முத்திரை ஒட்டி, நொத்தாரிசு ஒப்பமிட்டு, நான்கெல்லையும் எழுதிய கட்டு ஒன்றை அவர் எதிர்பார்த்திருந்தார். ஒன்ராறியோவில் காணிப்பதிவுகள் இப்போது கணினியில் நிகழ்கின்றன. எம் கைக்கு வந்தது அச்சிட்ட தாள்கள் சில. அவற்றில் வீட்டுக்குரிய ஒன்பது இலக்க எண். அம்மா அத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் தகரப் பெட்டியைத் திறந்து, வலிகாமம் வடக்குக் காணி உறுதியின் மேல் அதனை வைத்து மூடினார். ஒன்று காணி இருந்தும் வீடில்லாதது. மற்றையது வீட்டோடு கடனும் உடையது. இரண்டும் அப்பெட்டியில் உள்ளன.

குடிபுகுந்தபின் வந்த தைப்பொங்கலன்று நான்கு அயல் வீடுகளுக்குப் பொங்கல் கொண்டு சென்றோம். மறுநாள் அம்மூதாட்டி, கழுவிய பாத்திரத்தில் அப்பிள் பணியாரம் வைத்துத் திருப்பித் தந்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடாத வழக்கம் அவர்களிடமும் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனினும் கோடையில் மிளகாய்க் கன்று எந்த மூலையில் வைக்கலாம் என்பதை இருவரும் வேலியோரம் நின்று கைகளால் பேசித் தீர்மானித்துவிட்டனர். அம்மாவின் ஐந்து நாள்களும் இதனால் நிறைந்துவிட்டன என்று கூறமாட்டோம். பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தை அவர் இன்றும் தேடுகிறார். செவ்வாய்க்கிழமைப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சேலை உடுத்துக் காத்திருக்கிறார்.

இருபத்தைந்து பெயர்கள்

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் வரும் ஆண்டுகளில் ஸ்காபரோவை விட்டுத் தூரத்து ஊர்களுக்குச் செல்லக்கூடும். அங்கே உங்கள் வகுப்பில் நீங்கள் ஒருவரே தமிழராக இருக்கலாம். ஊரில் எம் முன்னோருக்கு அயல் தானாகக் கிடைத்தது. இங்கே அதனைத் தெரிவு செய்யவும் வேண்டும். தெரிவு செய்தபின் உருவாக்கவும் வேண்டும். நீங்கள் முதலில் வணக்கம் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சுருக்காது முழுமையாகச் சொல்லிக் கொடுங்கள். அயல் என்பது அங்கிருந்தே தொடங்கும்.

பெற்றோர்களே! தமிழ் வகுப்பு இல்லாத ஊருக்குச் செல்ல அஞ்சுவோர் ஒரு விதியை அறிதல் நன்று. ஒன்ராறியோவில், தொடக்கப் பாடசாலை மாணவர் 25 பேரோ அதற்கு மேற்பட்டவரோ ஒரு மொழியைக் கற்க விரும்புகின்றனர் எனப் பெற்றோர் எழுத்தில் கேட்டால், கல்விச்சபை அம்மொழிக்கு வகுப்பு ஒன்றை நடத்தவேண்டும். வழமையான பாடநேரத்துக்கு வெளியே, கிழமைக்கு இரண்டரை மணி நேரம்வரை அவ்வகுப்பு நடைபெறலாம். சனிக்கிழமைகளில் இவ்வளவு தூரம் வர இயலாத குடும்பங்களுக்கு அது பெரும் உதவியாகும்.

எமது புதிய அயலில் தமிழர் எவரும் இல்லை என்றே முதலில் எண்ணியிருந்தோம். தேடத் தொடங்கியபோது, பேருந்துத் தரிப்பிடத்தில் ஒருவர், மரக்கறிக் கடையில் ஒருவர், மகனின் பாடசாலைக் கலைவிழாவில் இரு குடும்பத்தினர் எனக் கண்டுபிடித்தோம். ஒவ்வொருவரும், தாம் மட்டுமே அவ்வூரில் தமிழர் என்று எண்ணியிருந்தனர். இதுவரை பதினெட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் சேர்ந்துள்ளன. இன்னும் ஏழு வேண்டும். இம்மலரை வாசிப்போருள் விற்பியிலோ அதன் அண்மையிலோ வாழ்வோர், அன்றி அங்கு செல்ல எண்ணியிருப்போர் இருப்பின், சனிக்கிழமைகளில் எம்மை ஐந்தாம் வகுப்பு அறையில் சந்திக்கலாம். படிவம் எமது கைப்பையில் இருக்கிறது.